டாப்சிலிப் – பரம்பிக்குளம் வனச் சுற்றுலா

கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரில் தமிழ்நாடு–கேரள எல்லையின் இருபுறமும் பரந்துள்ள காட்டுப் பகுதியும், அதனுள் பொதுமக்கள் சென்று பார்க்கவும் இரவு தங்கவும் அனுமதி பெற்ற இடங்களும் சேர்ந்து டாப்சிலிப் – பரம்பிக்குளம் என வழங்கப்படுகின்றன. டாப்சிலிப், தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் உலாந்தி வனச்சரகத்தைச் சேர்ந்தது. பரம்பிக்குளம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அதே பெயர் கொண்ட புலிகள் காப்பகத்துக்கு உரியது. நிலம் கேரளத்தினுடையது, அந்நிலத்தில் உள்ள அணைகளை இயக்குவது தமிழ்நாடு, பயணிகள் அங்கே போகும் சாலை தமிழ்நாட்டின் காட்டுக்குள் புகுந்து வருவது என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தைத் தென்னிந்தியாவில் வேறெங்கும் காண்பது அரிது. பயணி இன்று செல்லும் சாலையும் தங்கும் மாளிகையும் தெப்பத்தில் கடக்கும் நீர்ப்பரப்பும் பயணியை எண்ணி உண்டாக்கப்பட்டவை அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். முதலில் மரத்துக்காகவும் பிறகு தண்ணீருக்காகவும் திறக்கப்பட்ட இக்காட்டில் சுற்றுலா மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

மர வணிகம் இங்கே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேர்விட்டது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு தேவைப்பட்டபோது, 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரி ஆனைமலைக் காடுகளில் மரம் எடுக்கும் பணிக்கு அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன் அப்பணியைத் தொடர்ந்தார். வெட்டிய மரங்களை யானைகள் மலைவிளிம்பு வரை இழுத்து வர, அங்கிருந்து அவை சரிவில் உருட்டிவிடப்பட்டு அடிவாரத்தில் சேகரிக்கப்பட்டன. மரம் சறுக்கிவிடப்பட்ட அந்த மேல்முனையே டாப்சிலிப் ஆயிற்று. கப்பலுக்குப் பின் இருப்புப்பாதைகளுக்கான கட்டைகளும் இக்காட்டிலிருந்தே போயின. அக்காலத்து வன அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட மவுண்ட் ஸ்டூவர்ட் தங்கும் மாளிகை, சென்னை மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃபின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எடுத்த அளவுக்கு மரம் திரும்ப வளரவில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் இப்பகுதியின் வன அதிகாரியாக இருந்த ஹ்யூகோ வுட், மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டுவைத்து அதிலிருந்து மறுதளிர்ப்பு வரச் செய்யும் முறையையும், திட்டமிட்ட தேக்கு நடவையும் நடைமுறைப்படுத்தினார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு புறப்பட்டு, கைத்தடியால் மண்ணில் குழி குத்தி ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே நடப்பார் என்பது இன்றும் அங்கே சொல்லப்படும் செய்தி. 1933இல் குன்னூரில் இறந்த அவர், தம் விருப்பப்படியே டாப்சிலிப்பில் அடக்கம் செய்யப்பட்டார். தேக்கு மரங்கள் சூழ்ந்த அக்கல்லறைக்குப் பயணிகள் நடந்தே செல்லலாம். இத்தனை உயரமான தேக்குகள் இயற்கைக் காடு என்று பலரும் நினைத்துக்கொள்கின்றனர். உண்மையில் அவற்றில் பெரும்பகுதி மனிதர் நட்டு வளர்த்த தோட்டம். இயல்பான பசுமைமாறாக் காட்டைப் பார்க்க விரும்புவோர் கரியன்சோலைப் பக்கம் போக வேண்டும்.

எல்லைக்கு அப்பால் கொச்சி சமஸ்தானம் இதே மரத்துக்காக வேறொரு வழியைக் கையாண்டது. பரம்பிக்குளத்தின் தேக்கையும் ஈட்டியையும் சமவெளிக்குக் கொண்டுபோக, சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்தில் 1907இல் டிராம்வே என்னும் சிறு இருப்புப்பாதை இயங்கத் தொடங்கியது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டி இறங்கும்போது அதன் எடையே வடத்தின் மறுமுனையில் காலிப் பெட்டியை மேலே இழுத்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் அது மூடப்பட்டது. அவ்வழியில் இருந்த குரியார்குட்டி நிலையத்தில் 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பின்போது தங்கியிருந்தார் என்பதால், அங்கே இன்று அவர் பெயரில் பறவைகள் பற்றிய விளக்க மையம் உள்ளது.

கோடரிக்குத் தப்பிய மரங்களில் புகழ்பெற்றது தூணக்கடவு அருகே நிற்கும் கன்னிமாரா தேக்கு. சுமார் 450 ஆண்டு வயதுடையதாகக் கணிக்கப்படும் இதன் சுற்றளவு 6 மீட்டருக்கும் மேல். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஆட்கள் வட்டமாகக் கைகோத்து நிற்க வேண்டியிருக்கும். உயிரோடு உள்ள மிகப் பெரிய தேக்கு மரங்களில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. இதை வெட்ட முற்பட்டபோது மரத்திலிருந்து இரத்தம் பீறிட்டது என்றும், அதனால் கன்னித் தெய்வமாக மக்கள் வணங்கத் தொடங்கினர் என்றும் கதை உண்டு. இந்திய அரசின் மகாவிருட்ச விருது இம்மரத்துக்கு வழங்கப்பட்டுள்ளது.

பரம்பிக்குளத்தின் இன்றைய தோற்றத்தை உண்டாக்கியது பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். கொங்கு நாட்டு உழவர் பேச்சில் அது பி.ஏ.பி. மேற்கே கடலுக்கு ஓடிய ஆறுகளைத் தடுத்து, சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே வறண்ட பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளுக்குத் திருப்புவதே அதன் கருத்து. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 7.10.1961 அன்று பிரதமர் நேரு அதைத் தொடங்கிவைத்தார். இரு மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 நவம்பரிலிருந்தே செல்லுபடியாகும்படி அமைந்தது. பரம்பிக்குளம் அணையின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி), முழு நீர்மட்டம் 72 அடி. அங்கிருந்து தண்ணீர் சுரங்கம் வழியே தூணக்கடவு அணைக்கும், அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும் இறங்கி, மலைச்சரிவை ஒட்டி 49 கி.மீ. ஓடும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணையைச் சென்றடைகிறது. ஏறக்குறைய 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுகிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் நடு மதகு ஷட்டர் கழன்று தண்ணீர் பெருமளவில் வெளியேறியபோது பல்லடம் வரை கவலை பரவியதை எண்ணினால், சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் இந்த ஏரி கொங்கு உழவருக்கு என்னவாக இருக்கிறது என்பது விளங்கும்.

நீர் தேங்கியபோது தாழ்ந்த பள்ளத்தாக்குகள் மூழ்கின, குன்றுகளின் தலைகள் மட்டும் வெளியே நின்றன. அவ்வாறு உண்டானதே வீட்டிக்குன்னுத் தீவு. ஒரு காலத்தில் காட்டுக் குன்றாக இருந்த இது இன்று நாற்புறமும் நீர் சூழ்ந்த மரத் திட்டு. இதிலுள்ள தங்கும் விடுதிக்குத் தெப்பத்திலோ படகிலோதான் போக முடியும், துணைக்கு வழிகாட்டிகள் வருவர். நீர்த்தேக்கத்தில் முதலைகள் உள்ளமையால் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் இடமில்லை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆறு தடுக்கப்பட்டபோது இதைப் போலவே குன்றிலிருந்து தீவாக மாறிய பார்ரோ கொலராடோ, 1923இல் காப்பிடமாக்கப்பட்டு உலகப் புகழ் பெற்ற வெப்பமண்டல ஆய்வுக்களமாயிற்று. வீட்டிக்குன்னு தங்குமிடமாக நின்றுவிட்டது.

பயணிகள் மிகுதியாகப் போகும் இடம், டாப்சிலிப்பிலிருந்து வனத்துறை வாகனத்தில் சென்று சேரும் கோழிகமுத்தி யானைகள் முகாம். மரம் இழுக்கப் பழக்கப்பட்ட யானைகளின் வழிவந்த இம்முகாமில் இன்று கும்கிகள், அதாவது காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கப்பட்ட யானைகள், பராமரிக்கப்படுகின்றன. மாவுத்தர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் காவடிகளும் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். ராகிக் களியும் வேகவைத்த கொள்ளும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடிக்கப்படுகின்றன. யானைக்கு யானை அளவு மாறும். வரிசையில் நிற்கும் யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்க, மாவுத்தர் உருண்டையைக் கைப்பட உள்ளே வைக்கிறார். இம்முகாமின் கலீம் என்ற கும்கி 1972இல் சத்தியமங்கலம் காட்டில் பிடிக்கப்பட்டு, 99 களப்பணிகளில் ஈடுபட்டு, 2023 மார்ச்சில் 60 வயதில் அரசு மரியாதையுடன் ஓய்வு பெற்றது. ஊருக்குள் வரும் யானைகளைப் பிடித்துப் பழக்கும் மரக்கூண்டாகிய கரோல் வரகளியாற்றில் உள்ளது. கோயம்புத்தூர் தடாகம் பகுதியிலிருந்து 2019இல் அகற்றப்பட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை அங்கேதான் கொண்டுவரப்பட்டது.

மலசர் தவிரக் காடர், மலைமலசர், முதுவர் முதலிய குடிகளும் இக்காட்டில் வாழ்கின்றனர். எருமைப்பாறையில் காடர் குடியிருப்பு உள்ளது. பரம்பிக்குளத்தில் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் விடுதிப் பணியாளர்களாகவும் இருப்போர் இக்குடிகளைச் சேர்ந்தவர்களே. சுற்றுலா வருமானம் உள்ளூரிலேயே ஓரளவு தங்குவதில் கேரளத்தின் இவ்வேற்பாடு தமிழ்நாட்டுப் பகுதியைவிட முன்னே நிற்கிறது.

விலங்குகளைப் பொறுத்தவரை புலியைப் பார்க்கும் ஆசையோடு வருவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். காட்டெருமை, புள்ளிமான், கடமான், மலையணில், கருமந்தி, மயில் ஆகியவை சாலையோரத்திலேயே தென்படும். யானையும் செந்நாயும் வாய்த்தால் உண்டு. இருவாச்சி சிறகடித்துப் போகும் ஓசையைக் காலையில் கேட்கலாம். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஏற்ற பருவம்; கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் நடைப்பயணங்கள் நிறுத்தப்படுவது வழக்கம்.

இக்காடுகளின் சட்டநிலை படிப்படியாக மாறியது. தமிழ்நாட்டுப் பகுதி 1976இல் சரணாலயமாகவும் பின்னர் இந்திரா காந்தி பெயரிலும் வழங்கி, 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. 1973இல் சரணாலயமான பரம்பிக்குளம் 2010இல் அந்நிலையை அடைந்தது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடைசெய்து, அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகளுடன் தடையை விலக்கியது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பின் நடைப்பயண விதிகள் இறுகின. 2024இல் வனத்துறை தொடங்கிய திட்டத்தில் வழிகாட்டியுடன் முன்பதிவு செய்து நடக்கும் 40 தடங்கள் மாநிலம் முழுவதும் அறிவிக்கப்பட்டன.

ஆனைமலை புலிகள் காப்பகத்தின் பிற பார்வையிடங்களான ஆழியாறு அணை, கவியருவி எனப்படும் குரங்கு அருவி, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட வால்பாறைச் சாலை, திருமூர்த்தி மலை, அமராவதி முதலைப் பண்ணை ஆகியவற்றுக்குச் செல்வது எளிது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைக்காடுகள் துண்டு துண்டாக எஞ்சியுள்ளன; புதுத்தோட்டம் போன்ற அத்துண்டுகளில் சிங்கவால் குரங்குகளைச் சாலையிலிருந்தே காணலாம். அவற்றுக்கு உணவு போடுவது அவற்றைச் சாலையில் கொன்றுபோடுவதற்குச் சமம். வரையாடுகளின் வாழிடமாகிய அக்காமலைப் புல்மலை பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை.

டாப்சிலிப் செல்வோர் கோயம்புத்தூரிலிருந்து 40 கி.மீ. தொலைவிலுள்ள பொள்ளாச்சி வந்து, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியே சேத்துமடைச் சோதனைச்சாவடியை அடைய வேண்டும். வழியில் மாசாணியம்மன் கோயில் இருப்பதால் அமாவாசை, செவ்வாய், வெள்ளி நாள்களில் ஆனைமலையைக் கடக்கவே நேரமாகிவிடும். பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு. ஆனால் அது மலையில் வாழும் மக்களின் வண்டி, நடுவில் நிறுத்திக் காட்சி பார்க்க வாய்ப்பில்லை. சேத்துமடையில் பிளாஸ்டிக் பொருள்கள் சோதிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக் கட்டணமும், டாப்சிலிப்பைக் கடந்து ஆனப்பாடியில் கேரளக் கட்டணமும் தனித்தனியே செலுத்த வேண்டும். ஆனப்பாடிக் கூடாரங்கள், தூணக்கடவு மரவீடு, வீட்டிக்குன்னு விடுதி ஆகியவற்றைக் கேரள வனத்துறையிடமும், டாப்சிலிப்பின் அம்புலி இல்லம் முதலியவற்றைத் தமிழ்நாட்டு வனத்துறையிடமும் முன்பதிவு செய்யலாம். இரவுப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லாததால், தங்க இடம் உறுதிசெய்யாதவர்கள் மாலைக்குள் சேத்துமடைக்குத் திரும்பி இறங்கிவிட வேண்டும்.