மேற்கு-கிழக்குத் திவான் இசைக்குழு

இஸ்ரேலிய இளைஞர்களும் பாலஸ்தீனம், சிரியா, லெபனான், எகிப்து, ஜோர்டான் முதலிய நாடுகளின் இளைஞர்களும் ஒன்றாக அமர்ந்து மேலைச் செவ்வியல் இசையை வாசிக்கும் சிம்பொனிக் குழு. ஈரான், துருக்கி, ஸ்பெயின் நாட்டுக் கலைஞர்களும் இதில் உண்டு. 1999ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் நகரில் கோடைக்காலப் பயிற்சிப் பட்டறையாகத் தொடங்கியது.

தொடங்கியவர்கள் இரு நண்பர்கள். பியானோ கலைஞரும் இசை நடத்துநருமான டேனியல் பாரன்பாய்ம் 1942இல் புவெனஸ் ஐரிஸில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு இஸ்ரேலில் குடியேறியவர். எட்வர்ட் சயீத் 1935இல் ஜெருசலேமில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்த பாலஸ்தீனர். ‘ஓரியண்டலிசம்’ (1978) நூலால் உலகம் அவரை அறிந்திருந்தாலும், பியானோவும் இசை விமர்சனமும் அவர் வாழ்வில் அதே அளவுக்கு இடம்பிடித்திருந்தன. 1990களின் தொடக்கத்தில் லண்டன் விடுதி ஒன்றின் முகப்பில் தற்செயலாகச் சந்தித்துப் பேசத் தொடங்கியவர்கள், சயீத் மறையும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். அரசியலில் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் அல்லர். 1999 தொடக்கத்தில் மேற்குக் கரையின் பிர்ஸைத் பல்கலைக்கழகத்தில் பாரன்பாய்ம் பியானோக் கச்சேரி செய்வதற்கு உறுதுணையாக நின்றவர் சயீத்.

அந்த ஆண்டு வைமார், ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக அறிவிக்கப்பட்டிருந்தது. அவ்வூரில் வாழ்ந்த கவிஞர் கதேயின் 250ஆவது பிறந்த ஆண்டும் அதுவே. ஹாஃபிஸின் பாரசீகக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்து மயங்கிய கதே, அறுபது வயதைக் கடந்தபின் அரபு எழுத்துகளை எழுதிப் பழகினார். 1819இல் ‘மேற்கு-கிழக்குத் திவான்’ என்ற கவிதை நூலை வெளியிட்டார். குழுவின் பெயர் அந்நூலிலிருந்து வந்தது. திவான் என்றதும் நமக்குச் சமஸ்தானத்து அமைச்சர்தான் நினைவுக்கு வருவார். இரண்டும் ஒரே பாரசீகச் சொல்லே. கவிதைத் தொகுப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. கதேயின் வைமாருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமும் இருந்தது. பட்டறைக்கு வந்த இளைஞர்கள் அங்கும் சென்றுவந்தார்கள்.

முதல் கோடையில் செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் உடனிருந்தார். பகலில் ஒத்திகை, இரவில் பேச்சு. அந்த நாட்களின் நிகழ்ச்சி ஒன்றைச் சயீத் பின்னர் பதிவுசெய்திருக்கிறார். சிலர் கூடி அரபு இசை வாசித்துக்கொண்டிருந்தபோது, அரபியர் அல்லாதவர்களுக்கு அது வராது என்றார் ஓர் அரபு இளைஞர். அப்படியானால் ஜெர்மானியர் அல்லாத நீ பேத்தோவனை வாசிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சில நாள் கழித்து அதே இளைஞர், அரபு இசைக்கு ஏற்றபடி செல்லோவுக்குச் சுருதி கூட்டுவது எப்படி என்று யோ-யோ மாவுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிம்பொனிக் குழுவில் வயலின், செல்லோ முதலிய வில் கருவிகளை வாசிப்பவர்கள் இருவர் இருவராக அமர்வார்கள். இருவருக்கும் இசைத்தாள் தாங்கி ஒன்றுதான். பக்கம் முடியும்போது உட்புறம் இருப்பவர் வில்லைத் தாழ்த்தித் தாளைப் புரட்டுவார். வெளிப்புறம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். வில் மேலே போவதும் கீழே வருவதும் இருவருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் சற்று உரத்தாலும் மற்றவருக்கு உடனே உறைக்கும். திவானில் ஒரு தாங்கியைச் சிரியரும் இஸ்ரேலியரும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே சுரத்தை, ஒரே அழுத்தத்தில், ஒரே உணர்வோடு எழுப்ப இருவரும் முயன்றபின் அவர்கள் பழையபடி ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்று பாரன்பாய்ம் சொல்லிவந்திருக்கிறார். அதற்காக, அமைதியைக் கொண்டுவரும் திட்டம் இது என்று அவர் உரிமை கொண்டாடியதில்லை. அறியாமைக்கு எதிரான முயற்சி என்றே சொன்னார். குழுவின் வரலாற்றை அளக்க இந்த அடக்கமான அளவுகோலே சரியானது.

2002இல் ஸ்பெயினின் அந்தலூசிய மாநில அரசின் ஆதரவோடு பட்டறை அங்குள்ள செவில்லா பகுதிக்கு மாறியது. முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்த மண் அது. 2003 செப்டம்பரில் சயீத் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய துணைவியார் மரியம் சயீத் பணியைத் தொடர்ந்தார்.

2005 ஆகஸ்டில் குழு ரமல்லாவில் கச்சேரி செய்தது. இஸ்ரேலியர் பாலஸ்தீன நகருக்குள் செல்வதற்குத் தடை. சிரியரும் லெபனானியரும் இஸ்ரேலியக் கட்டுப்பாட்டிலுள்ள எல்லையைக் கடக்க வழியில்லை. ஸ்பெயின் அரசு இசைக்கலைஞர்களுக்குத் தூதரகக் கடவுச்சீட்டுகளை வழங்கிய பிறகே பயணம் சாத்தியமாயிற்று. மொஸார்ட்டும் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியும் ஒலித்தன. கச்சேரி முடிந்ததும் இஸ்ரேலிய உறுப்பினர்கள் உடனடியாக அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். மேடையில் தோளோடு தோள் நின்றவர்கள் விடைபெறக்கூட நேரமில்லாமல் பிரிய நேர்ந்தது. பால் ஸ்மாட்ஸ்னியின் ஆவணப்படத்தில் அந்தப் பயணத்தைக் காணலாம். மறு ஆண்டு லெபனான் போர் மூண்டபோது சிரிய, லெபனான் உறுப்பினர்கள் பலருடைய நாற்காலிகள் காலியாக இருந்தன.

குழுவின்மீது வைக்கப்படும் விமர்சனங்களும் கனமானவை. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு நீடிக்கும்போது இரு தரப்பையும் சமமாக மேடையேற்றுவது அந்த நிலைமையை இயல்பாக்கிவிடும் என்று பாலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தினர் 2010இல் எதிர்த்தார்கள். மரியம் சயீத் எழுத்துமூலம் மறுத்தார். அந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது: ஒரே தாளைப் பார்த்து வாசிப்பவர்கள் வீடு திரும்பும்போது ஒருவருக்குச் சோதனைச்சாவடி உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆனால் இந்த வேறுபாட்டை மறைக்காமல் ஒத்திகைக்குப் பின் வாதத்துக்கு எடுத்துக்கொண்டதுதான் திவானின் வலிமை. வாசிக்கும் இசை பெரும்பாலும் ஐரோப்பாவுடையதாகவே இருப்பது இன்னொரு குறை.

2012இல் லண்டன் ‘புரோம்ஸ்’ இசைவிழாவில் பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் குழு வாசித்தது. 2016இல் பெர்லினில் பாரன்பாய்ம்-சயீத் இசைக் கல்விக்கழகம் பாடம் தொடங்கியது. மாணவர்கள் அங்கே இசையோடு தத்துவமும் வரலாறும் படிக்கிறார்கள். பிராங்க் கெரி வடிவமைத்த அதன் பியர் பூலெஸ் அரங்கம் 2017இல் திறக்கப்பட்டது. 2023 அக்டோபருக்குப் பிறகான காஸா போர்க்காலத்திலும் குழு கலையவில்லை. 2025 பிப்ரவரியில் பாரன்பாய்ம் தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அறிவித்தார்.

திவானில் வயலின் வாசித்த நாசரேத்துக்காரர் நபீல் அப்பூத் அஷ்கர், சொந்த ஊரில் இசைப்பள்ளி அமைப்பதில் முன்நின்றார். அங்கே வளர்ந்த ‘பாலிஃபொனி’ அமைப்பு இஸ்ரேலின் அரபு, யூதச் சிறுவர்களை ஒரே குழுவில் வாசிக்கவைக்கிறது. அவர்கள் வீட்டிலிருந்து பேருந்தில் வந்துபோகும் தொலைவில் இருப்பவர்கள். ஒத்திகைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.