இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது வழி ஒன்றுதான். 1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்த பிறகே, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இரண்டாவது இணைப்பு சாத்தியமானது. ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் வாங்குவதே பாதுகாப்பு ஆகிவிடாது. இணைப்புகள் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ஃபயர்வாலில், தகவல் போகும் வழிகளைச் சொல்லும் ரவுட்டிங் அட்டவணையில் மாற்றுவழியைக் குறித்து, தொலைவிலுள்ள முகவரி ஒன்றை ஃபயர்வால் அடிக்கடி சோதிக்கும்படி அமைக்க வேண்டும். இல்லையேல், அருகிலுள்ள மோடம் இயங்குவதை மட்டும் நம்பி, அறுந்த வழியிலேயே தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும். சரியாக அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2008 ஜனவரியில் மத்திய தரைக்கடலில் வெவ்வேறு நிறுவனங்களின் இரு கேபிள்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறுந்து, இந்திய இணையமே திணறியது. தரையிலும் அப்படித்தான்: நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் ஓடும் இரு கேபிள்களுக்கு ஒரு பொக்லைன் போதும். ஆகவே அட்டவணையை எழுதுமுன் கேபிள் போகும் பாதையைக் கேட்டறிய வேண்டும்.