மலைவாழிடம் ஆகாத 'சின்ன இங்கிலாந்து': ஓசூர் மேட்டுநிலத்தின் கதை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியான ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாகும். கிருஷ்ணகிரியிலிருந்து மேற்கே செல்பவர் சூளகிரியைக் கடந்ததும் காற்று மாறுவதை உணரலாம். மே மாதத்தில் இடியுடன் தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபரில் வலுக்கிறது. இடையில் வானம் மூடிய தூறல் நாட்களும் உண்டு. இக்குளுமையால் ஆங்கிலேயர் தளியைச் 'சின்ன இங்கிலாந்து' என அழைத்தனர். அப்பெயர் ஓசூருக்கும் வழங்கியது.

ஆனால் அவர்கள் இங்கே முதலில் வந்தது ஓய்வுக்காக அன்று. 1768இல், முதல் மைசூர்ப் போரின்போது, ஐதர் அலி ஓசூரை முற்றுகையிட்டார். அதை மீட்க வந்த கர்னல் வுட்டின் படை, ஓசூருக்கு வடக்கே உள்ள பாகலூரில் விட்டுவந்த பீரங்கிகளைப் பறிகொடுத்தது. 1791இல் ஓசூரும் ராயக்கோட்டையும் காரன்வாலிஸின் படையிடம் வீழ்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படை மட்டும் மேற்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தது. திப்பு சுல்தான் இறந்த 1799இல் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது.

பாராமகாலின் முதல் ஆட்சியர் அலெக்சாண்டர் ரீடு. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோ. இரயத்துவாரி நிலவரி முறை இங்கேதான் உருப்பெற்றது. தமிழகப் பொருளாதார வரலாற்றில் இப்பகுதியின் இடம் இதனாலேயே பெரியது. குளிர்ச்சி அதற்கு அடுத்ததுதான்.

அக்குளிர்ச்சியை முதலில் அனுபவித்தவை குதிரைகள் என்றால் மிகையாகாது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வழங்கும் பண்ணை ஒன்றைக் கம்பெனி 1824இல் தொடங்கியது. அது பின்னாளில் மாநிலத்தின் கால்நடைப் பண்ணையாயிற்று. ஓசூரில் ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்ததற்கு மற்றொரு தடயம் கெனில்வொர்த் கோட்டை எனப்படும் மாளிகை. சேலம் ஆட்சியர் பிரெட் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை நினைத்துக் கட்டியது என உள்ளூரில் சொல்லப்படுகிறது. பெயர் வந்த கதைகளில் எவ்வளவு கற்பனை என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

பிறகு ஏன் ஓசூர் ஊட்டியாகவில்லை? உயரமே முதல் காரணம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர்; ஏற்காடு 1,500 மீட்டர்; உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல். 1819இல் சல்லிவன் நீலகிரிக்குச் சென்றதும் ஆங்கிலேயரின் கவனம் அங்கே திரும்பியது. சேலத்து அதிகாரிகளுக்கு ஏற்காடு அருகிலேயே கிடைத்தது. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அதே குளுமையுடன், 1809இலேயே பெங்களூரு படைக்குடியிருப்பு அமைந்துவிட்டது. சங்கமும் கடைவீதியும் தேவாலயமும் அங்கே இருக்கையில் ஓசூரில் ஓய்வெடுக்க யார் வருவார்?

மொரப்பூர் - தருமபுரி குறுகிய இருப்புப்பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. ஆனால் அது பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவருவதை எண்ணிப் போட்ட பாதை. மலை இரயில் அன்று. 1941இல் மூடப்பட்டது.

மலைவாழிடத்துக்குப் பதிலாக வந்தது தொழிற்பேட்டை. 1970களில் சிப்காட் வளாகம் உருவானது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. பெங்களூருவின் அருகாமை, ஓய்வூராக வளரத் தடையாக இருந்த அதே அருகாமை, தொழிலுக்கு வரமாயிற்று. குளுமைக்கும் விலை கிடைத்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜா வெளிநாடு செல்கிறது. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி குவிகிறது.

இதன் மறுபக்கத்தை மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையில் காணலாம். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுநீரைச் சுமந்து வந்து, மதகு திறக்கும்போது வெண்ணுரையாகப் பொங்குகிறது. அந்நீரை நம்பித்தான் கீழுள்ள வயல்கள் இருக்கின்றன. குடிநீருக்கோ, ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, ஒகேனக்கல் காவிரி நீர் 2013 முதல் குழாய்களில் மேட்டுக்கு ஏற்றப்படுகிறது.

தூறலைப் பார்க்க விரும்புவோர் இன்று ஓசூரைத் தாண்டித் தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரச் சாலைகளுக்கே செல்கின்றனர். அவை யானைகளும் கடக்கும் சாலைகள். மாலைக்குமுன் திரும்பிவிடுவது நல்லது.