பட்டியலும் வாசலும்: ஜனாதிபதி நிதியச் சட்டத்தை வன்னியிலிருந்து வாசித்தல்

இலங்கையின் லொத்தர் வருமானம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: பணம் எந்தப் பொதுநோக்கத்துக்குப் போகிறது? தேசிய லொத்தர் சபையின் வருவாய் திரட்டு நிதியத்தைச் சேர்கிறது. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருவாய் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் பயன்படுகிறது. இந்த வரைபடத்தைத் தீட்டியதும் பங்கீட்டை விளக்கியாயிற்று என்று கொள்வது வழக்கம். வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து பார்க்கையில் அந்த விளக்கம் போதவில்லை. பணத்தின் போக்கைத் தீர்மானிப்பது நோக்கங்களின் பட்டியல் அல்ல, விண்ணப்பம் நுழையும் வாசல்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த விவாதம் 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க ஜனாதிபதி நிதியச் சட்டத்தில் மையம் கொள்கிறது. நிதியத்தின் பணத்தை எவற்றுக்குச் செலவிடலாம் என்று அது ஐந்தாக வகுக்கிறது: வறுமை நிவாரணம், கல்வி அல்லது அறிவின் மேம்பாடு, சமயத்தின் மேம்பாடு, கண்டுபிடிப்பாளருக்கும் நாட்டுக்குச் சேவை செய்தோருக்குமான விருதுகள், பொதுமக்களுக்கு நன்மை தரும் வேறெந்த நோக்கமும். வறுமை முதலில் நிற்பதால் சட்டம் ஏழைக்கே முன்னுரிமை தருகிறது என்பது நெடுங்காலமாக நிலவும் வாசிப்பு. பின்னர் நடந்தவை அந்த வாசிப்பில் சட்டத்திலிருந்து வழுவிய செயல்களாகவே தெரியும்.

ஆனால் இந்த வரிசை 1978இல் கொழும்பில் யோசித்து அடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1891இல் இங்கிலாந்தின் பெம்சல் வழக்கில் மக்னாட்டன் பிரபு அறக்கொடைகளை நான்காக வகுத்தார்: வறுமை நிவாரணம், கல்வி மேம்பாடு, சமய மேம்பாடு, சமூகத்துக்கு நன்மை தரும் பிற நோக்கங்கள். அந்த வகுப்பின் வேர் 1601ஆம் ஆண்டின் இங்கிலாந்து அறக்கொடைச் சட்டம் வரை போகிறது. விருதுகள் பற்றிய பிரிவை எடுத்துவிட்டால் இலங்கைச் சட்டத்தில் எஞ்சுவது அதே நான்கு, அதே வரிசையில். வரைவாளர் எதைப் பார்த்து எழுதினார் என்பதற்கு நேரடிச் சான்று காட்ட இங்கே முயலவில்லை. ஆனாலும் இந்த ஒற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

இந்த மூலம் வாசிப்பையே மாற்றிவிடுகிறது. ஒரு நோக்கம் அறக்கொடை ஆகுமா, ஆகாதா என்று நீதிமன்றம் தீர்மானிக்க எழுந்த வகுப்பு அது. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பது அதன் கவலையே அல்ல. அதை அரச நிதியமொன்றில் பொருத்தியபோது செலவிடுவதற்கு அதிகாரம் பிறந்தது, பங்கிடுவதற்கு விதி பிறக்கவில்லை. ஐந்து பிரிவுகளுக்கும் விகிதம் இல்லை. மாகாணமோ மாவட்டமோ பிரிவுகளில் இடம்பெறவில்லை. மீதி முழுவதும் ஜனாதிபதி தலைமையில் பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், ஜனாதிபதியின் செயலாளர், நியமிக்கப்படும் இருவர் அடங்கிய சபையிடமும் அதன் அலுவலக நடைமுறையிடமும் விடப்பட்டது.

2024 டிசம்பரில் முன்னாள் அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இந்நிதியத்திலிருந்து மருத்துவ உதவி பெற்ற விவரம் பாராளுமன்றத்தில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆயினும் ஐந்தாவது பிரிவின் அகலத்தைக் கவனித்தால், அக்கொடுப்பனவுகளுக்குச் சட்டத்தின் சொற்கள் பெரிய தடையாக நின்றிருக்காது என்பது விளங்கும். ஏழையை முன்நிறுத்தும் வேலையைப் பட்டியல் ஒருபோதும் செய்யவில்லை.

வன்னியில் இதன் பொருள் என்ன? சத்திரசிகிச்சைக்கு உதவி கோரும் முல்லைத்தீவுக் குடும்பத்துக்கு வைத்தியசாலையின் செலவு மதிப்பீடு வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும், வருமானச் சான்று வேண்டும். இவை சேர்ந்த கோப்பு நெடுங்காலம் கொழும்பை நோக்கியே போக வேண்டியிருந்தது. விடுபட்ட கடதாசி ஒன்றுக்காக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், ஒரு நாட்கூலி இழப்பு, தங்க இடம் தேடும் அலைச்சல். போர்க்காலத்தில் நிலைமை இன்னும் கொடியது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடப்பதே நோயாளிக்குப் பெரும்பாடு. அந்த ஆண்டுகள் முழுவதும் சட்டம் நடைமுறையில் இருந்தது, வறுமை நிவாரணமும் முதலிடத்தில் இருந்தது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவையும் பீடித்திருப்பதை எண்ணினால், கோப்பு பயணிக்கும் தூரம் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இதே மாவட்டங்களுக்கு லொத்தர்ப் பணம் வேறொரு வழியிலும் வருகிறது. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் பயில்வோருக்கு மாதந்தோறும் உதவுகிறது. ஐயாயிரமாக இருந்த அத்தொகை 2025இல் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாவாக உயர்ந்தது. பரீட்சைப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் வைத்துத் தெரிவு நடக்கிறது. மாணவி யாருடைய தயவையும் நாடிக் கொழும்பு போக வேண்டியதில்லை, அவளுடைய பல்கலைக்கழகமே வாசல். ஒரே ஊற்றின் பணம் மாணவியை விதிப்படி வந்தடைகிறது, அவளுடைய தகப்பனின் இருதய சிகிச்சைக்கோ மனுவாக மாறிக் காத்துக் கிடக்கிறது. நோக்கங்களை மட்டும் எண்ணும் ஆய்வில் இவ்விரண்டும் அடுத்தடுத்த இரு வரிகளாகவே தோன்றும்.

பொதுநிதி நூல்களில் தேர்ந்தவர்கள் ஒரு மறுப்பை எழுப்புவர்: ஒதுக்கிய பணம் வந்ததும் திறைசேரி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே ஒதுக்கீடே மாயை. மொத்தத் தொகையைப் பற்றிய வாதமாக அது சரியாகவே இருக்கலாம். எந்த வீட்டுக் கோப்பு மேசையை அடைகிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2003இல் தமிழ்நாடு தடை செய்ததுபோல் லொத்தரையே ஒழிக்கலாம் என்பது வேறு விவாதம். இங்கே அதற்கு இடமில்லை.

மாகாண சபைக்குப் பங்கு கொடுத்தால் தீருமே என்பவர்கள் பதின்மூன்றாம் திருத்தத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். லொத்தர்கள் மீதான வரி மாகாணப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் தேசிய லொத்தர்களும் அரசாங்கம் நடத்தும் லொத்தர்களும் அதே வாக்கியத்தில் விலக்கப்பட்டுள்ளன. வவுனியா பஸ் நிலையத்தில் விற்கும் நாற்பது ரூபாய்ச் சீட்டிலிருந்து வடமாகாண சபை ஒரு சதத்தையும் வரியாகக் கேட்க முடியாது. கேரளம் காருண்யா லொத்தரின் வருவாயைச் சிகிச்சை உதவிக்கு ஒதுக்கியபோது விண்ணப்பத்தை மாவட்ட லொத்தர் அலுவலகத்திலேயே ஏற்றது. நிதியை மாநிலம் வைத்துக்கொண்டே வாசலை மாவட்டத்துக்கு நகர்த்த முடியும் என்பதற்கு அது சான்று.

இலங்கையில் அந்த நகர்வு 2025 பெப்ரவரி 7ஆம் திகதி நிகழ்ந்தது. அன்று முதல் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பங்களைப் பிரதேச செயலகங்களிலேயே கையளிக்கலாம். வன்னியின் இம்மூன்று மாவட்டங்களிலும் பதினான்கு பிரதேச செயலகங்கள் உள்ளன. துணுக்காயிலிருந்தோ வெங்கலச்செட்டிகுளத்திலிருந்தோ வருபவருக்கு இது மிகப்பெரிய மாற்றம். இதற்காக ஐந்து நோக்கங்களில் ஒரு சொல்லையும் திருத்த நேரவில்லை என்பது இங்கு முன்வைக்கும் வாசிப்புக்கு வலுவான ஆதாரம். கவலையும் அங்கேதான் இருக்கிறது: நிர்வாக முடிவால் திறந்த வாசலை இன்னொரு நிர்வாக முடிவால் மூடிவிடலாம்.

வன்னி வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டது என்று இந்தச் சட்டத்தை மட்டும் வைத்து நிறுவ முடியாது. ஒதுக்கப்படவில்லை என்றும் நிறுவ முடியாது. மாவட்டவாரியாகக் கிடைத்த, நிராகரிக்கப்பட்ட, உதவி வழங்கப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கும் கடமையைச் சட்டத்தில் சேர்ப்பதே தேவையான திருத்தம். நோய்க்கு மாவட்ட ஒதுக்கீடு பொருந்தாது என்ற பதில் இதற்கு எதிராக நில்லாது, ஏனெனில் இங்கே கேட்பது கணக்கு. மேலும், மாவட்டத்தை அலகாகக் கொள்வது நிதியத்துக்குப் புதிதுமல்ல. 2025இல் கிளிநொச்சி இரணைமடுவில் உயர்தரப் பரீட்சையில் சிறந்த வடமாகாண மாணவர்களை அது கௌரவித்தபோது, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் மாவட்டத்துக்குப் பத்துப் பேரைத் தெரிந்து தலா ஒரு இலட்சம் ரூபாய் வழங்கியது.