வலிப்பு நோய்: ஒளித்து வைக்கும் குளிசைகள்

கலியாணப் பேச்சில் நீரிழிவைச் சொல்வோம், ஆஸ்துமாவையும் சொல்வோம். வலிப்பை மட்டும் சொல்ல மாட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 வீதமானோர் வரை வலிப்பு வராமல் வாழலாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. எங்களில் பலருக்குத் தடையாக நிற்பது வெட்கம்தான்.

மூளையின் நரம்புக் கலங்கள் சிறு மின்துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் திடீரெனக் கட்டுப்பாடின்றிச் சேர்ந்து துடிப்பதே வலிப்பு. கடும் காய்ச்சலிலோ சீனி மிகவும் குறைந்தாலோ ஒருமுறை வருவது வலிப்பு நோய் ஆகாது. உடனடிக் காரணம் எதுவுமின்றி, 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தால் வைத்தியர்கள் அப்படிப் பெயரிடுவார்கள். எல்லோரும் விழுந்து கைகால் இழுக்க மாட்டார்கள். வகுப்பில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல எழுதத் தொடங்கும் பிள்ளைக்கும், பேச்சின் நடுவே நின்று வாயைச் சப்பும் பெரியவருக்கும் அது வலிப்பாக இருக்கலாம். "பிள்ளைக்குக் கவனம் இல்லை" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னால் ஏசுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எம்மவருக்குப் போரும் ஒரு காரணம். வியட்நாம் போரில் மூளையைத் துளைத்த காயம்பட்ட அமெரிக்கப் படையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு நோய் வந்திருந்தது. காயம் ஆறி ஆண்டுகள் கழிந்த பின்னும் முதல் வலிப்பு வரலாம். ஆகவே தலையில் ஷெல் சிதறல் பட்டதை, அகதி விசாரணைகளில் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாலும், நரம்பியல் வைத்தியரிடம் இன்னொரு முறை சொல்லத்தான் வேண்டும்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வாய்க்குள் கரண்டி வைத்தால் பல் உடையும், மூச்சும் அடைபடலாம். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்குக் கீழே மெதுவான துணி வைத்து, அருகில் உள்ள கூரான பொருட்களை அகற்றி, மணிக்கூட்டைப் பாருங்கள். இழுப்பு நின்றதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ, அதுவே முதல் வலிப்பானாலோ உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி அந்த ஒளித்த குளிசைக்கு வருவோம். புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று மணப்பெண் குளிசையை நிறுத்துகிறாள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது நிற்காத வலிப்புக்கு வழிவிடும், உயிரும் போகலாம். கணவனுக்குத் தெரியாத நோய்க்கு, கருத்தரிப்பதற்கு முன் யார் ஆலோசனை கேட்பது? வல்புரோயேட் என்ற மருந்தைக் கர்ப்பத்தில் எடுத்தால் 10 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. வேறு பாதுகாப்பான மருந்துகள் உண்டு, ஆனால் முன்கூட்டியே வைத்தியரோடு பேசி மாற்ற வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. கார்பமசபீன் போன்ற சில மருந்துகள் கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கும். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த நோய்களின் வரிசையிலிருந்து வலிப்பை 1999இல் நீக்கிவிட்டார்கள். எங்கள் கலியாணத் தரகர்களின் கொப்பியிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

நித்திரைக் குறைவு வலிப்பைத் தூண்டும் முக்கிய காரணம். சிவராத்திரிக்கு விழித்திருப்பதும், இரவு வேலையை முடித்து நேரே பகல் வேலைக்கு ஓடுவதும் வலிப்புள்ளவருக்கு ஏற்றதல்ல. கந்தசஷ்டியில் தண்ணீர் குடித்தால் விரதம் முறியும் என்று குளிசையைத் தள்ளிப்போடுவோரும் இருக்கிறார்கள். முருகன் கோபிக்க மாட்டார், விழுங்குங்கள்.

வாகனம் ஓட்டும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரித்தானியாவில் வலிப்பு வந்தால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிப்பது சட்டக் கடமை. கார் ஓட்டப் பொதுவாக 12 மாதங்கள் வலிப்பின்றி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் தொடர்ந்து வலிப்பு மருந்து எடுப்பவருக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. எஃப்.பி.92ஏ படிவத்தைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் காசு கட்டிக்கொண்டிருப்போரைக் கணக்கு எழுதும் எங்களால் சகிக்க முடிவதில்லை!

வலிப்போடு மனச்சோர்வும் பதற்றமும் மறதியும் அடிக்கடி கூட வருகின்றன. அவற்றுக்கும் சிகிச்சை உண்டு என்பதால் வைத்தியரிடம் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், எத்தனை நிமிடம், அன்று எவ்வளவு நித்திரை, குளிசை தவறியதா என்று எழுதி வாருங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் வலிப்பைப் படம் பிடியுங்கள், பத்து நிமிட விளக்கத்தைவிட அது வைத்தியருக்கு உதவும். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லாதீர்கள். தாயின் கர்ப்பத்தையும் தகப்பனின் மனச்சோர்வையும் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் கேட்க முடியாது. நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வைத்தியசாலையிடம் சொல்லிவிடுங்கள்.