பத்துமலை வௌவால்கள்: இருளுயிர்கள் பற்றிய மனிதப் பார்வை

முன்னுரை

இரவில் இரைதேடும் உயிர்களை மனிதர் பெரும்பாலும் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். கழுதைப்புலி இதற்குத் தக்க சான்றாகும். இறந்த விலங்குகளின் எலும்பையும் விடாது உண்டு காட்டைத் தூய்மை செய்யும் அவ்விலங்கு, மக்கள் வழக்கில் கோழையாகவும் பிணந்தின்னியாகவும் சித்திரிக்கப்படுகிறது. மலேசியக் காடுகளில் கழுதைப்புலி இல்லை. எனினும், இருளில் வாழ்வதனாலேயே பழிக்கப்படும் உயிர் இங்கும் உண்டு. பத்துமலைக் குகைகளில் வாழும் வௌவால் அத்தகையது. அதனை மனிதர் கண்ட முறையை இக்கட்டுரை வரலாற்று நிலையில் ஆராய்கிறது.

தமிழ் மரபில் வௌவால்

பழந்தமிழர் வௌவாலை ‘வாவல்’ என்றனர். நற்றிணையின் 87ஆம் பாடலில், மாமரக் கிளையில் துயிலும் வாவல் காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவில் சுவைப்பதாக நக்கண்ணையார் பாடுகிறார். தலைவி கண்ட கனவுக்கு அதுவே உவமையாகிறது. இங்கு அச்சமோ அருவருப்போ இல்லை. இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் வௌவால்களின் நலன் கருதித் தீபாவளிக்கு மக்கள் வெடி வெடிப்பதில்லை. மறுபுறம், பாழ்மனை, பேய், குருதி ஆகியவற்றோடு வௌவாலை இணைக்கும் வழக்கைத் திரைப்படங்கள் வளர்த்தன. உண்மையில், குருதி உண்ணும் மூன்று வௌவால் இனங்களும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன.

பத்துமலையின் வரலாற்றில்

பத்துமலையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கா. தம்புசாமிப் பிள்ளை அங்கு முருக வழிபாட்டை நிறுவிய 1891ஆம் ஆண்டிலிருந்தும், தைப்பூசம் தொடங்கிய 1892ஆம் ஆண்டிலிருந்தும் தொடங்குவர். அதற்கு முன்னரே, 1860களில், சீனக் குடியேறிகள் குகைத்தரையில் குவிந்திருந்த வௌவால் எச்சத்தை அகழ்ந்து காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக்கினர். அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே 1878இல் இக்குகைகளை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆகவே, மனிதரை முதலில் இக்குன்றுக்கு ஈர்த்தவற்றுள் வௌவாலின் எச்சமும் ஒன்று எனலாம்.

கழிவென்று கருதப்படும் அவ்வெச்சமே ஒளிபுகாத இருட்குகையில் உணவுச் சங்கிலியின் அடித்தளமாகும். அதனை உண்டு கரப்பானும் பிற சிற்றுயிர்களும் வாழ, அவற்றைச் சிலந்திகள் இரையாகக் கொள்கின்றன.

1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் ஆய்வாளர்கள் தேனுண்ணும் வௌவால்களை ஆராய்ந்தனர். பத்துமலை வௌவால்களின் எச்சத்திலிருந்த மகரந்தம், அவை 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோர அலையாத்திக் காடுகள்வரை பறந்து செல்வதைப் புலப்படுத்தியது. டுரியான் மலர் மாலையில் விரிந்து இரவில் தேன் சுரப்பது. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு இவ்வௌவால்கள் பெரிதும் துணைபுரிகின்றன. பெத்தாய் மரமும் வௌவாலின் உதவியைப் பெறுகிறது. இத்தகைய குன்றின் ஒரு பகுதி 20ஆம் நூற்றாண்டில் கல்லுடைப்புக்கு இரையாயிற்று. குகை அழியின் வௌவால் அழியும்; அதன் விளைவு தொலைவிலுள்ள தோட்டங்களையும் தாக்கும்.

முடிவுரை

நக்கண்ணையார் கனி நாடும் உயிராகக் கண்ட வாவலை, பிற்கால மனிதர் உரமாகவும் பேயின் துணையாகவும் கண்டனர். உயிர் மாறவில்லை, பார்வையே மாறியது. பத்துமலையைத் திருத்தலமாக மட்டுமன்றி, இவ்வுயிர்களின் உறைவிடமாகவும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் ஆசிரியர் கடனாகும். சங்கப்பாடலைக் கற்பிக்கும் வகுப்பறையே அதற்கு ஏற்ற இடமாகும்.