இளம்பிள்ளைவாதத்தின் நிழலில் ஒரு நோய்

1916இல் கில்லன், பாரே, ஸ்ரோல் எனும் பிரெஞ்சு மருத்துவர் மூவர், போர்வீரர் இருவரிடம் கண்ட திடீர் வாதமொன்றை விவரித்தனர். நோய்க்கு முதலிருவர் பெயரே நிலைத்தது. ஸ்ரோலை உலகம் மறந்தது. தொற்றொன்று நீங்கிச் சில வாரங்களுள், உடலின் நிர்ப்பீடனமே நரம்புகளைத் தாக்கக் கால்கள் தளர்கின்றன. பிள்ளைகளிடம் அரிதான இந்நோய் இலங்கையில் முறையாகப் பதியப்பெற்றது தன்பொருட்டன்று, இளம்பிள்ளைவாதத்தின் பொருட்டேயாகும்.

1962இல் இளம்பிள்ளைவாதத்துக்கான சொட்டுமருந்து இங்கு அறிமுகமாயிற்று. அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1993இல். ஆயினும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீர்த் தளர்வாதம் ஏற்படின் இன்றும் அறிவித்தல் வேண்டும். அம்பாறை மாவட்டத்துள் தனிச் சுகாதாரப் பிரிவாயமைந்த கல்முனையில் ஒரு பிள்ளையின் கால் தளர்ந்தால், 14 நாட்களுக்குள் பெறப்பட்ட மலமாதிரிகள் இரண்டு குளிர்பெட்டியில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை அடைதல் வேண்டும். அங்குத் தேடப்படுவது இளம்பிள்ளைவாத வைரசே. அது இல்லையெனத் தெளிந்ததும் அரசின் அச்சம் நீங்குகிறது. அவ்வாறு விலக்கப்படுவோருட் பெரும்பாலோர் கில்லன்-பாரே நோயாளரே என்பது நோக்கற்பாலது. பிள்ளை எப்போது நடக்கும் என்பதே உம்மாவின் வினா. 60ஆம் நாட் பரிசோதனையிலோ, தளர்ச்சி எஞ்சியுள்ளதா என்பதே குறிக்கப்படுகிறது.